தந்தை ஸ்டீபன்சனும் தனயன் ஸ்டீபன்சனும்



ஒவ்வொரு செமஸ்டர் பீஸ் கட்டும்போதும் எங்கள் வீட்டில் ஒரு கதை ஓடும். அப்பா எட்டாம் வகுப்போடு லேத் பட்டறைக்கு எடுபிடி வேலைக்குப் போனவர். செருப்பு வாங்கியது பதினாறு வயதில், சைக்கிள் வாங்கியது கல்யாணத்துக்கு அப்புறம் என்று பணத்தை எண்ணிக்கொண்டே சொல்வார். நானும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்பேன். உள்ளுக்குள் எரிச்சல் எரிச்சலாக வரும். கஷ்டமில்லாமல் வளர்ந்தது என் குற்றமா? வளர்த்தது யாராம்? இந்தக் கேள்வியை ஹாஸ்டலில் ஒரு நாள் ராத்திரி போட்டேன். பத்து பேரில் எட்டுப் பேர் அவங்கவங்க அப்பா கதையை ஆரம்பித்துவிட்டார்கள். விடிய விடியப் பேசினோம், ஒன்றும் தீரவில்லை.

மலருக்கு ஒரு பொறியாளர் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று சங்கத்தில் கேட்டபோது ஜார்ஜ் ஸ்டீபன்சனை எடுத்துக்கொண்டேன். ரயிலைக் கண்டுபிடித்தவர் என்று சின்ன வகுப்பில் படித்தோமே, அவர்தான். (அது முழு உண்மையில்லை. தண்டவாளத்தில் நீராவி எஞ்சினை முதலில் ஓட்டிக் காட்டியவர் ரிச்சர்ட் ட்ரெவிதிக், 1804-ல். அவரும் இந்தக் கதையில் பின்னால் வருவார்.) படிக்கப் படிக்க ஜார்ஜைவிட அவர் மகன் ராபர்ட்டைப் பற்றித்தான் எனக்கு யோசனை ஓடியது. அதனால் இதை அப்பா, பிள்ளை இரண்டு பேர் கதையாகவே எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் வடக்கே, நியூகாசில் பக்கத்தில் வைலம் என்ற கிராமம். 1781 ஜூன் 9-ல் ஜார்ஜ் பிறந்தார். அவர் அப்பாவுக்கும் ராபர்ட் என்றுதான் பெயர். நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் எஞ்சினுக்குக் கரி தள்ளும் வேலை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பக் காசும் கிடையாது. கரி வண்டி போகும் பாதையில் மாடு மேய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் ஜார்ஜுக்கு முதல் வேலை. தினக் கூலி இரண்டு பென்னி. பிறகு கரியில் கல் பொறுக்கும் வேலை, குதிரை ஓட்டும் வேலை, அப்பாவுக்கு உதவியாள். பதினேழு வயதில் ஒரு பம்ப் எஞ்சினுக்குப் பொறுப்பாள். அதாவது மகன் அப்பாவை மிஞ்சிவிட்டார்.

ஆனால் தன் பெயரை எழுதத் தெரியாது. வேலை முடிந்து ராத்திரிப் பள்ளிக்குக் காசு கட்டிப் போய் எழுத்துக் கற்றுக்கொண்டபோது வயது பதினெட்டு. கணக்குச் சிலேட்டை எஞ்சின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, ஓய்வு கிடைத்த நேரத்தில் போட்டுப் பார்ப்பாராம். சனி, ஞாயிறு வந்தால் எஞ்சினைக் கழற்றிச் சுத்தம் பண்ணி மாட்டுவார். யாரும் சொல்லவில்லை, சம்பளமும் இல்லை. எஞ்சினுக்குள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு இருந்த ஒரே புத்தகம் அதுதான்.

1802-ல் பேனி ஹெண்டர்சனைக் கல்யாணம் செய்தார். 1803 அக்டோபர் 16-ல் ராபர்ட் பிறந்தான். சம்பளம் பற்றாமல் ஜார்ஜ் செருப்புத் தைத்தார், பழைய ஷூ ரிப்பேர் பார்த்தார். ஒரு முறை வீட்டுப் புகைபோக்கியில் தீப்பிடித்து, அணைக்க ஊற்றிய தண்ணீரிலும் கரியிலும் கடிகாரம் நின்றுவிட்டது. கடைக்குக் கொடுக்கக் காசில்லை, தானே பிரித்து ஓட்டிவிட்டார். அதிலிருந்து ஊரில் யார் வீட்டுக் கடிகாரம் நின்றாலும் ஜார்ஜிடம் வந்துவிடும்.

அப்புறம் வந்த இரண்டு மூன்று வருடங்கள் எழுதவே கஷ்டமானவை. 1805-ல் பிறந்த பெண் குழந்தை சில வாரங்களில் இறந்தது. 1806-ல் காசநோயில் பேனி போனாள். ராபர்ட்டுக்கு அப்போது மூன்று வயது கூட ஆகவில்லை. பையனை ஊரில் விட்டுவிட்டு ஜார்ஜ் ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸ் ஊருக்கு வேலைக்குப் போனார், நடந்தே. சில மாதங்களில் ஊரிலிருந்து சேதி வந்தது. சுரங்க விபத்தில் அப்பாவுக்குக் கண் போய்விட்டது. திரும்பி வந்து, சேர்த்து வைத்த காசில் அப்பா கடனை அடைத்தார். மிச்சமிருந்த காசும் நிற்கவில்லை. நெப்போலியனோடு யுத்தம் நடந்த காலம். படைக்கு ஆள் எடுக்கும் சீட்டில் ஜார்ஜ் பெயர் விழுந்துவிட்டது. தனக்குப் பதிலாக ஒரு ஆளைக் காசு கொடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. அமெரிக்கா போய்விடலாமா என்று கூட நினைத்தார். கப்பல் காசு இல்லாததால் போகவில்லை. தங்கை எலினோர் வந்து வீட்டையும் பையனையும் பார்த்துக்கொண்டார்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். கஷ்டம்தான் மனிதனை உயர்த்தும் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஜார்ஜை உதாரணம் காட்டுவது வழக்கம். கஷ்டம் ஒன்றுதான் காரணம் என்றால் கில்லிங்வொர்த் சுரங்கம் முழுக்க ஸ்டீபன்சன்கள் அல்லவா இருந்திருக்க வேண்டும்! கண் போன கிழவரும் அதே கஷ்டம்தானே பட்டார்? அவரைப் பற்றி யார் மலர் எழுதுகிறார்கள்? ஜார்ஜுக்குத் திறமை இருந்தது, பிடிவாதம் இருந்தது, நேரமும் வாய்த்தது. அது 1811-ல் வாய்த்தது. கில்லிங்வொர்த்தில் ஒரு புதுச் சுரங்கத்தில் பம்ப் எஞ்சின் எத்தனை பேர் பார்த்தும் தண்ணீரை இறைக்கவில்லை. ஜார்ஜ் பிரித்து மாட்டி ஓட்டிக் காட்டினார். அடுத்த வருடம் சுரங்கத்தின் எஞ்சின் பொறுப்பு முழுவதும் அவருக்கு வந்தது, வருடம் 100 பவுண்டு சம்பளத்தில். 1814-ல் அவருடைய முதல் ரயில் எஞ்சின் ‘புளூஹர்’ 30 டன் கரியை மேட்டில் மணிக்கு 4 மைல் வேகத்தில் இழுத்தது.

அடுத்த வருடம் விளக்குச் சண்டை. சுரங்கத்தில் கசியும் வாயு திறந்த விளக்கின் சுடர் பட்டு வெடித்து ஆட்கள் கும்பல் கும்பலாகச் சாவது அப்போது சாதாரணம். 1815 அக்டோபரில் ஜார்ஜ் தானே செய்த பாதுகாப்பு விளக்கை ஏற்றிக்கொண்டு, வாயு கசியும் இடத்துக்கே போய்ச் சோதித்தார். விளக்கு தப்பாயிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. சில நாட்களிலேயே லண்டனில் சர் ஹம்ப்ரி டேவி தன் விளக்கை விஞ்ஞானிகள் சபையில் அறிவித்தார். டேவிக்கு 2000 பவுண்டு பரிசு. எழுத்து மணக்காத சுரங்கத் தொழிலாளி இதைத் தானே யோசித்திருக்க முடியாது, திருடியிருப்பான் என்று பேச்சு. வடக்குப் பக்கத்துச் சுரங்கக்காரர்கள் கோபப்பட்டு ஆயிரம் பவுண்டு திரட்டி ஜார்ஜுக்குக் கொடுத்தார்கள். பல வருடம் கழித்து 1833-ல் பாராளுமன்றக் குழு ஒன்று இருவருக்கும் சம உரிமை என்று சொன்னது. அப்போது டேவி உயிரோடு இல்லை.

பணத்தைவிட அந்த அவமானம்தான் ஜார்ஜ் மனதில் நின்றது என்று நினைக்கிறேன். அவர் பேச்சு நியூகாசில் பக்கத்துச் சுரங்கக் கொச்சை. லண்டன்காரனுக்குப் பாதி புரியாது. தன் பையன் அப்படி நிற்கக் கூடாது. கடிகாரமும் ஷூவும் ரிப்பேர் பார்த்துச் சேர்த்ததெல்லாம் அதற்குத்தான். கிராமத்துப் பள்ளி போதாது என்று, நியூகாசிலில் ஜான் புரூஸ் என்பவர் நடத்திய தனியார் பள்ளியில் ராபர்ட்டைச் சேர்த்தார். போக நாலைந்து மைல், வர நாலைந்து மைல். பையன் உடம்பு கொஞ்சம் பூஞ்சை. அதனால் ஒரு கழுதை வாங்கிக் கொடுத்தார். சுரங்கத் தொழிலாளியின் மகன் கழுதை மேல் பை தொங்க நகரத்துப் பள்ளிக்குப் போனான். பேச்சைக் கேட்டு மற்றப் பையன்கள் சிரித்தார்கள். இரண்டு மூன்று வருடத்தில் கொச்சை போய்விட்டது.

சலுகை சும்மா கிடைக்கவில்லை. பகலில் பையன் படித்ததை ராத்திரி அப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்! நியூகாசிலில் இலக்கிய, தத்துவச் சங்கம் என்று ஒரு நூலகம் இருந்தது. அங்கே ராபர்ட் புத்தகம் எடுத்து வருவான். வெளியே கொடுக்காத புத்தகமானால் படத்தை வரைந்துகொண்டு வருவான். கீழே எழுதியிருக்கும் விளக்கத்தைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்து மெஷினைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஜார்ஜ் பழக்கினார். (நம்ம எஞ்சினியரிங் டிராயிங் பேப்பரில் அரியர் வைத்திருப்பவர்கள் கவனிக்க.) 1816-ல் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சூரியக் கடிகாரம் செய்தார்கள். பையனுக்கு வயது பன்னிரண்டு. அந்த ஊர் அட்சரேகைக்குத் தக்கபடி கோடு போடக் கணக்கு அவன் பொறுப்பு, கல்லைச் செதுக்குவது அப்பா பொறுப்பு. வீட்டு வாசல் கதவுக்கு மேலே பதித்தார்கள். ஆகஸ்ட் 11, 1816 என்று தேதி பொறித்திருக்கிறது.

இந்த இடத்தை நான் பல தடவை படித்தேன். எங்க அப்பா என் புத்தகத்தை ஒரு நாளும் திறந்ததில்லை. நானும் அவர் லேத் முன்னால் ஒரு நாளும் நின்றதில்லை. தப்பு யார் மேல் என்று கேட்காதீர்கள்.

படிப்பு முடிந்து சுரங்கத்தில் பயிற்சி. பிறகு ஸ்டாக்டன் – டார்லிங்டன் ரயில் பாதைக்கு அப்பாவோடு சர்வே. 1822-ல் எடின்பர்க் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார் ஜார்ஜ். ஆறு மாதம்தான், செலவு சுமார் 80 பவுண்டு. பட்டம் வாங்கும் நோக்கம் இல்லை, வேண்டியதைப் படித்துக்கொண்டு வா என்றுதான். 1823-ல் நியூகாசிலில் ரயில் எஞ்சின் செய்வதற்கென்றே ஒரு தொழிற்சாலை ஆரம்பித்தார்கள். அதற்கு வைத்த பெயரைப் பாருங்கள்: ராபர்ட் ஸ்டீபன்சன் அண்டு கம்பெனி. பையனுக்கு இருபது வயது கூட நிறையவில்லை. பெயர்ப் பலகையில் அப்பா இல்லை, மகன்.

இதைவிட ஒரு பையனுக்கு என்ன வேண்டும்? நாமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்போம். ராபர்ட் 1824 ஜூனில் கப்பல் ஏறித் தென் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். கொலம்பியாவில் வெள்ளிச் சுரங்கம், மூன்று வருட ஒப்பந்தம். ஏன் போனார் என்பதில் இன்றைக்கும் எழுதுகிறவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. உடம்புக்கு வெப்ப தேசம் நல்லது என்றார்கள், நல்ல சம்பளம் என்றார்கள், அப்பாவோடு மனத்தாங்கல் என்றும் சொல்கிறார்கள். எனக்குத் தோன்றுவது இது: அப்பா வாங்கித் தந்த கழுதை மேல் எவ்வளவு தூரம்தான் போவது? ஒரு தடவையாவது தன் காலால் நடந்து பார்க்க வேண்டாமா?

அங்கே நடந்தது வேடிக்கை. வேலைக்கு வந்திருந்த சுரங்கத் தொழிலாளர்கள் இங்கிலாந்தின் தெற்கு மூலையான கார்ன்வாலிலிருந்து வந்தவர்கள். தங்கள் ஊர்க்காரன் இல்லாத ஒரு சின்னப் பையன் தங்களை மேய்ப்பதா என்று குடித்துவிட்டுக் கலாட்டா செய்தார்கள். சுரங்கத்துக்காரன் மகனை சுரங்கத்துக்காரர்களே பணக்கார வீட்டுப் பிள்ளை மாதிரி பார்த்தார்கள்.

இந்தப் பக்கம் அப்பா. 1825 ஏப்ரல். லிவர்பூல் – மான்செஸ்டர் ரயில் பாதைக்கு அனுமதி கேட்டுப் பாராளுமன்றக் குழு முன்னால் ஜார்ஜ் நிற்கிறார். எதிர்த்தரப்பு வக்கீல் எட்வர்டு ஆல்டர்சன். ரயில் வந்தால் நஷ்டப்படப் போகும் கால்வாய் முதலாளிகளும் நிலப்பிரபுக்களும் அவர் பின்னால். ஜார்ஜின் கொச்சைப் பேச்சைக் கேட்டுச் சிரிப்பு. இவர் வெளிநாட்டுக்காரரா என்று கூட ஒருவர் கேட்டதாகச் சொல்வார்கள். சிரிப்போடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சர்வே மட்டங்கள் தப்பு என்று வெளிப்பட்டது. ஆற்றுப் பாலத்தின் உயரமே சரியாக இல்லை. அளந்தது உதவியாளர்கள், ஆனால் சரிபார்க்க வேண்டியது ஜார்ஜ். அவருக்கு அந்தக் கணக்கில் தேர்ச்சி இல்லை. அந்தக் கணக்கு தெரிந்த மகன் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் இருந்தார். எதற்காக வருடக்கணக்கில் செலவு செய்து படிக்க வைத்தாரோ, அந்த நாளில் அந்தப் படிப்பு பக்கத்தில் இல்லை. மசோதா தோற்றது. ஜார்ஜை எடுத்துவிட்டு வேறு பொறியாளர்களை வைத்துப் புது சர்வே எடுத்த பிறகுதான் 1826-ல் அனுமதி கிடைத்தது. பாதை போடும் வேலை மட்டும் மறுபடி ஜார்ஜிடமே வந்தது. ஆழமான சேற்று நிலமான சாட் மாஸில் புதர்க்குச்சிகளைப் பாய் பாயாகப் பரப்பி அதன் மேல் தண்டவாளம் மிதக்கவிட்டவர் அவர்தான். இது புத்தகக் கணக்கில் வராத புத்தி.

ராபர்ட் 1827-ல் ஒப்பந்தம் முடிந்து திரும்பும் வழியில் கார்த்தஹேனா துறைமுகத்தில் ஒரு மனிதரைப் பார்த்தார். கையில் காசில்லாமல் கந்தலாக நின்றவர் ரிச்சர்ட் ட்ரெவிதிக்! உலகத்தின் முதல் ரயில் எஞ்சினை ஓட்டியவர், பெரு நாட்டுச் சுரங்கங்களில் எல்லாவற்றையும் இழந்துவிட்டு வீடு போக வழியில்லாமல் நின்றார். ராபர்ட் கப்பல் செலவுக்கு 50 பவுண்டு கொடுத்தார். ட்ரெவிதிக்கின் மூளை ஜார்ஜ் மூளைக்குக் குறைந்ததில்லை. உழைப்பும் குறைந்ததில்லை. அப்படியிருந்தும் 1833-ல் ஏழையாகவே இறந்தார். கஷ்டப்பட்டவன் ஜெயிப்பான் என்பவர்கள் கார்த்தஹேனாவையும் ஒரு தடவை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். 1829 அக்டோபர், ரெயின்ஹில் போட்டி, 500 பவுண்டு பரிசு. கலந்துகொண்ட எஞ்சின்களில் சோதனையை முழுவதும் முடித்தது ‘ராக்கெட்’ ஒன்றே. கொதிகலனுக்குள் 25 செம்புக் குழாய்கள் வைத்துச் சூடு ஏற்றும் யோசனை, ரயில் கம்பெனியின் செயலாளர் ஹென்றி பூத் சொன்னது. அதை எஞ்சினாக்கிச் செய்தது நியூகாசிலில் ராபர்ட். பாதை அப்பா, எஞ்சின் மகன். 1830 செப்டம்பர் 15-ல் லிவர்பூல் – மான்செஸ்டர் ரயில் ஓடியது. அன்றைக்கே எம்.பி. வில்லியம் ஹஸ்கிசன் ராக்கெட்டில் அடிபட்டு இறந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

லண்டன் – பர்மிங்ஹாம் ரயில் பாதை 112 மைல். 1833-ல் அதற்குத் தலைமைப் பொறியாளராக ராபர்ட் நியமிக்கப்பட்டபோது முப்பது வயது ஆகவில்லை. அதற்கு முன் பாராளுமன்றக் குழுவில் குறுக்கு விசாரணை. அப்பா அவமானப்பட்ட அதே இடம். மகன் நிதானமாகப் பதில் சொன்னார், ஒருத்தரும் பேச்சைக் கேட்டுச் சிரிக்கவில்லை. கழுதைக்குப் போட்ட காசு அன்றைக்குத் திரும்பி வந்தது. ஆனால் சலுகை என்றால் சுகம் என்று நினைத்துவிடாதீர்கள். கில்ஸ்பி சுரங்கப்பாதையில் புதைமணலும் தண்ணீரும் பெருக்கெடுத்து, ஒன்றரை வருடத்துக்கு மேல் பம்ப் வைத்து இறைத்தார்கள். பாதை முழுவதையும் இருபது தடவைக்கு மேல் ராபர்ட் நடந்தே பார்த்தார். 1842-ல் மனைவி இறந்தார், குழந்தை இல்லை. 1847 மே மாதம் செஸ்டர் அருகே டீ நதி மேல் அவர் கட்டிய வார்ப்பிரும்புப் பாலம் ரயில் போகும்போது முறிந்து ஐந்து பேர் செத்தார்கள். விசாரணையில் கூண்டில் நின்றார். அப்பா பட்ட அவமானம் ஒரு விதம், இது வேறு விதம். இதில் ஐந்து உயிர். அதற்கப்புறம் தேனிரும்பில் குழாய் குழாயாகச் செய்து வேல்ஸ் கடல்கால் மேல் அவர் கட்டிய பிரிட்டானியா பாலம் 1850-ல் திறந்தது.

பெரிய ஆளான பிறகு ஜார்ஜ் எப்படி இருந்தார்? நம்ம அப்பாக்கள் மாதிரியேதான்! விருந்து மேடையென்றால் பழைய கதை. மாடு மேய்த்தது, ராத்திரிப் பள்ளிக்குப் போனது எல்லாம் வரும். பகட்டாக உடுத்திக்கொண்டு, தங்கப் பூண் போட்ட கைத்தடியோடு வேலை கேட்டு வரும் இளைஞர்களைக் கண்டால் முதலில் அந்தத் தடியைக் கீழே வை, அப்புறம் பேசலாம் என்பாராம். அதே மனிதர் செஸ்டர்ஃபீல்டு அருகே டாப்டன் மாளிகையில் குடியிருந்துகொண்டு, வெள்ளரிக்காய் நேராக வளர வேண்டும் என்று கண்ணாடிக் குழாய்க்குள் விட்டு வளர்த்தார். சொந்தப் பிள்ளைக்கு எல்லாச் சலுகையும் கொடுத்தவர், ஊரான் பிள்ளையின் சலுகையைக் கண்டால் முகம் சுளித்தார். குறையாகச் சொல்லவில்லை. கஷ்டப்பட்டவர்களுக்கு அது வரும் போலிருக்கிறது. 1848 ஆகஸ்ட் 12-ல் காலமானார்.

ராபர்ட் அப்பாவைப் பற்றிக் குறைவாக ஒரு வார்த்தை வெளியில் சொன்னதில்லை. எந்த மேடையிலும் பெருமையை அப்பாவுக்கே தள்ளிவிடுவார். சாமுவேல் ஸ்மைல்ஸ் என்ற எழுத்தாளர் ஜார்ஜ் வரலாறு எழுத வந்தபோது, விவரம் சொல்லி, பழைய இடங்களையும் காட்டி உதவினார். புத்தகம் 1857-ல் வந்தது. கடிகாரம், ஷூ, ராத்திரிப் பள்ளி எல்லாம் உலகத்துக்குத் தெரிந்தது அதனால்தான். தன் கதையை எழுதச் சொல்லவில்லை, அப்பா கஷ்டப்பட்ட கதையை எழுதத் துணை நின்றார். சின்ன வயதில் புத்தகம் எடுத்த அந்த நியூகாசில் நூலகம் கடனில் இருந்தபோது பாதிக் கடனைத் தான் தருவதாகச் சொன்னார். ஒரு நிபந்தனை: வருடச் சந்தாவைப் பாதியாகக் குறைக்க வேண்டும். ராஜ பட்டம் வேண்டாம் என்றார். 1859 அக்டோபர் 12-ல் இறந்தார். கரி தள்ளியவரின் பேரனை வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

ஒரு சின்னச் சேதி. நம்ம ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1853-ல் பம்பாய் – தானா பாதையைப் போட்ட ஜேம்ஸ் பெர்க்லி ராபர்ட்டின் சீடர். 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடியதே, அந்த மெட்ராஸ் ரயில்வேக்குத் தலைமைப் பொறியாளராக வந்தவர் ஜார்ஜ் பார்க்லி புரூஸ். ராபர்ட் தொழிற்சாலையில் பயிற்சி பெற்றவர். யார் பிள்ளை தெரியுமா? ராபர்ட் கழுதை மேல் போய்ப் படித்த அந்தப் பள்ளியின் ஜான் புரூஸ் வாத்தியார் பிள்ளை.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் போனில் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பாலம், சுரங்கப்பாதை, பாராளுமன்றம் எதைப் பற்றியும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கழுதை வாங்க அந்த மனுஷனுக்குக் காசு ஏது என்று கேட்டார். கடிகாரம், ஷூ ரிப்பேர் பார்த்துச் சேர்த்தது என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பட்டறையில் லேத் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும்போது டிராயிங் நோட்டை எடுத்துக்கொண்டு வா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.